சாவியைத் திருகாதீங்க பாஸ்!

மழை விட்டாச்சு, தெருவில் தண்ணி வடிஞ்சாச்சு. மூழ்கிக் கிடந்த அப்பாவோட கார் 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்'னு சாவியைத் திருகப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் ஏரியாக்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்ப, பள்ளிக்கரணையில் கார்களே மிதந்தன. அந்த மாதிரி நேரத்தில் காருக்குப் பெரிய வில்லன் வெள்ளம் இல்லை, நம்ம அவசரம்தான்.

சாவியைத் திருகினதும் 12 வோல்ட் பேட்டரி கரன்ட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்றும். பெட்ரோல் கார் என்றால், இக்னிஷன் காயில் அந்த 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும். பொறி பறக்கும், பெட்ரோல் எரியும், வண்டி உறுமும்.

சிலிண்டருக்குள் தண்ணி இருந்தால்? காற்றை பிஸ்டன் அமுக்கிடும். தண்ணியை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சு போகலாம். நனைஞ்ச ஒயரில் ஷார்ட் ஆனால், இன்ஜினின் மூளையான இ.சி.யூ.வும் காலி. 'நீங்கதானே ஸ்டார்ட் பண்ணீங்க?'ன்னு இன்ஷூரன்ஸ்காரரும் கை விரிக்கலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கும் இதே கதைதான்.

அதனால, முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்க. வண்டி லாரியில் ஏறி மெக்கானிக்கிடம் போகட்டும். அவர் தண்ணியை வெளியேற்றி, ஆயிலை மாற்றட்டும்.

அப்புறம் திருகுங்க சாவியை... ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜம்முனு போகலாம்!