தன்னையே விசாரிக்கும் நிரல்

2004 டிசம்பர் 26 அன்று பொங்கிய கடல், திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா ஆஸ்பத்திரியை உருக்குலைத்துவிட்டுப் போனது. கரையோரச் சனம் கிடைத்த கூரையின் கீழ் ஒண்டியது. யார் எந்த முகாமில், யாரைக் காணோம்? இலங்கையின் கரைகள் எங்கும் இதே கேள்விதான். சில நாட்களுக்குள் இலங்கைக் கணினித் தொண்டர்கள் கூடி எழுதத் தொடங்கியதுதான் 'சஹானா' மென்பொருள். மொழி, பிஎச்பி. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது கைகொடுத்தது.

காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவிக் கோரிக்கை என ஒவ்வொன்றும் தனிப் பிரிவு. நாளைக்கு எந்தப் பிரிவு புதிதாக வந்து ஒட்டும் என்று மைய நிரலுக்குத் தெரியாது. அதற்குச் செய்த ஏற்பாடு வெகு எளிமை: ஃபங்ஷனின் பெயரில் 'எஸ்எச்என்' என்ற மூன்றெழுத்து முதலில், பிறகு பிரிவு, பிறகு வேலை. உலாவியிலிருந்து வந்த கோரிக்கையை வைத்து மைய நிரல் அந்தப் பெயரைக் கோர்க்கும். "இப்படி ஒன்று இருக்கிறதா?" என்று பிஎச்பியிடமே கேட்கும். இருந்தால் அழைக்கும்.

இந்த விசாரணைக்குக் கிடைப்பது ஆம், இல்லை என்ற பதில் மட்டும். 2004 ஜூலையில் வெளியான பிஎச்பி 5 அதைவிட ஆழமாகத் துருவ ஒரு கருவி தந்தது: ரிஃப்ளெக்ஷன்.

'முகாம்' என்று ஒரு கிளாஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 'சேர்', 'தேடு' இரண்டும் எல்லோருக்கும் பொது. 'சரிபார்' உள்வீட்டு மெதட். மெதட் பெயர்களைத் தரும் பழைய ஃபங்ஷனை வெளியிலிருந்து அழைத்தால் பொதுவானவை மட்டும் வரும், அதுவும் வெறும் பெயராக. ரிஃப்ளெக்ஷனோ 'சரிபார்' என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். 'சேர்' எத்தனை உள்ளீடு கேட்கிறது, எது கட்டாயம், எந்த மெதட் தாய் கிளாஸிலிருந்து வந்தது, மேலே எழுதிய விளக்கக் குறிப்பு என்ன என்பதெல்லாம் கைக்கு வரும்.

இன்று லாரவெல் என்ற பிஎச்பி சட்டகம் இதைக் கொண்டுதான் ஒரு கிளாஸுக்குத் தேவையான துணைப் பொருட்களைக் கண்டறிந்து தானே கொடுக்கிறது. சோதனைக் கருவியான பிஎச்பியூனிட், 'டெஸ்ட்' என்று தொடங்கும் மெதட்களைத் தேடியெடுத்து ஓட்டுகிறது.

சஹானாவின் அந்த மூன்றெழுத்து வெறும் அடையாளமல்ல, காவலும்கூட. இணைய முகவரியில் வரும் பெயரை அப்படியே அழைக்கும் நிரலில், கோப்பை அழிக்கும் ஃபங்ஷனின் பெயரையும் யாராவது தட்டிவிடலாம். ரிஃப்ளெக்ஷனைப் பயன்படுத்துவோரும் எந்த மெதட்களை வெளியாள் அழைக்கலாம் என்று முதலிலேயே பட்டியல் போட்டுவிடுவது நல்லது.