வீட்டு மின்விளக்கும் கம்பிகளின் நிறமும்

மின்சாரம் கண்ணுக்குப் புலனாவதன்று. குழாயினுள் நீர் உண்டோ இல்லையோ என்பதை ஒலியாலேனும் ஈரத்தாலேனும் அறியலாம். அடுப்பில் நெருப்புண்மையைப் புகை காட்டும். மின்னோ உருவும் ஒலியும் மணமும் அற்றது. ஒரே செம்பினால் ஆக்கப்பெற்று, ஒரே பருமனுடையனவாய், ஒரு சுவருக்குள் அருகருகே கிடக்கும் இரு கம்பிகளுள் ஒன்றைத் தொட்டவன் யாதொரு தீங்குமின்றி மீளலும், மற்றையதைத் தொட்டவன் அக்கணமே உயிர் துறத்தலும் கூடும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட மனிதன் வகுத்துக்கொண்ட அடையாளமே கம்பியின் மேலுறைக்கு இடப்படும் நிறமாகும். இதனை அழகு பற்றியதெனக் கொண்டு, கடையில் அகப்பட்ட நிறத்தை வாங்கி அமைவோர் பலர். ஆதலின், வீட்டு விளக்குகளின் ஆளி இணைப்புக்கு நிறங்களைத் தெரியும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வீட்டுக்கு வேண்டிய கடத்திகள் மூவகைப்படும். 230 வோல்ற்று அழுத்தத்தைத் தாங்கி வருவது உயிர்க்கம்பி. அவ்வோட்டம் திரும்பிச் செல்லும் வழி நொதுமற்கம்பி. நொதுமல், வழங்கல் நிலையத்தில் புவியோடு தொடுக்கப்பட்டிருத்தலின், செவ்வையான நிலையில் அதன் அழுத்தம் புவியின் அழுத்தத்தை ஒட்டியே நிற்கும். மூன்றாவதாகிய புவிக்கம்பி வழமையாக ஓட்டத்தைத் தாங்குவதில்லை. கருவியொன்றின் உலோக உடலில் மின் தவறிப் பாயுமிடத்து, அதனைப் புவிக்குக் கொண்டுசென்று உருகியையோ சுற்றுடைப்பானையோ தொழிற்படச் செய்வதே அதன் பணி.

நன்னூல் கற்ற மாணவர் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டை அறிவர். மரம் என்பதற்கு அப்பெயர் வந்தமைக்குக் காரணம் கூறல் அரிது. பறவை என்பதற்கோ பறத்தல் காரணமாயிற்று. கம்பியின் நிறம் பெரும்பாலும் இடுகுறியே. சிவப்புக்கும் உயிர்க்கம்பிக்கும் இயற்கையிலே யாதொரு தொடர்புமில்லை. சிவப்பு அபாயத்தின் அறிகுறியன்றோ எனின், ஜேர்மனியில் 1960களின் நடுப்பகுதிவரை சிவப்புக் கம்பியே காவற் புவிக்கம்பியாய் வழங்கிற்று என்பதை நோக்குக. அதே காலத்துப் பிரித்தானியாவிலோ சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை புவி. ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் கறுப்பு உயிர்க்கம்பியாகவும் வெள்ளை நொதுமலாகவும் வழங்குகின்றன. ஆகவே ஒரு நாட்டில் உயிரைக் காக்கும் நிறம் மற்றொரு நாட்டில் உயிரைக் கொல்லும் நிறமாயிற்று. ஒரு நாட்டுக் கருவி மற்றொரு நாட்டுக்குச் செல்லுங் காலத்து இதனால் விளையக்கூடிய கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கேட்டை நீக்குதற்பொருட்டே ஐரோப்பிய நாடுகள் ஒரு பொது முறையை நாடின. உயிர்க்கம்பிக்குக் கபிலம், நொதுமலுக்கு நீலம், புவிக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த வரி என்பது அம்முறை. பிரித்தானியாவில் 1970 ஆம் ஆண்டளவில் கருவிகளின் நெகிழ்வடங்களுக்கு அது வந்தது. சுவருக்குள் நிலையாகப் பதிக்கப்படும் கம்பிகளுக்கோ 2004 இலேயே அனுமதிக்கப்பட்டு, 2006 ஏப்பிரல் முதலாந் திகதிக்குப் பின் தொடங்கும் வேலைகளுக்குக் கட்டாயமாயிற்று. இலங்கையின் மின்னிணைப்பு வழக்கம் பிரித்தானிய முறையை ஒட்டி வளர்ந்தமையால், நம்முடைய பழைய வீடுகளிற் சிவப்பும் கறுப்பும் பச்சையும், புதிய வீடுகளிற் கபிலமும் நீலமும் பச்சை மஞ்சள் வரியும் காணப்படுகின்றன.

புதிய முறையில் இடுகுறியோடு காரணமும் ஓரளவு கலந்துள்ளது. இரசாயனத்தில் அணுக்கொள்கையால் யாவரும் அறிந்த ஜோன் டாற்றன், தமக்கு நிறங்களைப் பிரித்தறியுந் திறன் குறைவென்பதை உணர்ந்து, 1794 இல் அதுபற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சிவப்பையும் பச்சையையும் மயங்கும் இக்குறை வட ஐரோப்பிய மரபினரான ஆண்களுட் பன்னிருவருக்கு ஒருவர் என்னும் அளவிற் காணப்படுகின்றது. பெண்களில் மிக அரிது. இத்தகையோர்க்குச் சிவப்பு உயிர்க்கம்பியும் பச்சைப் புவிக்கம்பியும் ஒன்றாகவே தோன்றக்கூடும். கபிலமும் நீலமும் அவர்க்கும் வேறு வேறாகத் தெரியும். புவிக்கம்பியோ ஒரு நிறத்தை நம்பியிராது, வரியினாலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இனி ஆளிக்கு வருவோம். சாதாரண விளக்காளிக்குச் செல்வன இரு கம்பிகள். இவற்றுள் ஒன்று உயிர், மற்றையது நொதுமல் எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. ஆளிக்கு வரும் கம்பி உயிர்க்கம்பி. ஆளியினின்றும் விளக்குக்குச் செல்லுங் கம்பி, ஆளி மூடப்பட்டபோது உயிர்பெறும் உயிர்க்கம்பி. நொதுமற்கம்பி ஆளியைத் தீண்டாது நேரே விளக்குக்குச் செல்லும். எனவே ஆளியில் இணைக்கப்படும் இரு கம்பிகளும் உயிர்க்கம்பியின் நிறத்தையே பெறுதல் வேண்டும்.

ஆளியை நொதுமலில் வைத்தால் வரும் இடர் யாது? விளக்கு முறைப்படி எரியும், முறைப்படி அணையும். வீட்டார் குறையொன்றுங் காணார். ஆயினும், விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் தாங்கியில் 230 வோல்ற்று நின்றுகொண்டே இருக்கும். நம் நாட்டிற் பெருவழக்காயுள்ள, குமிழைச் செருகித் திருப்பும் தாங்கியில் இரு தொடுமுனைகளும் விரலுக்கு எட்டுமாறு உள்ளன. பழுதான குமிழை மாற்ற ஏணியில் ஏறியவர், "ஆளியை அணைத்துவிட்டேன்" என்னும் நம்பிக்கையோடு கையை நீட்டுவார். மின்னின் தாக்குதல் சிறிதாயினும், ஏணியினின்றும் வீழ்தல் சிறிதன்று. அணைத்த பின்னரும் எல்.ஈ.டி. விளக்கு மங்கலாக ஒளிருமாயின் ஆளி நொதுமலில் இருத்தல் கூடும். அதற்கு வேறு காரணங்களும் உளவாதலின் சோதித்தே தெளிதல் வேண்டும்.

தனிக் கம்பிகளைக் குழாய்வழி இழுக்குமிடத்து நிறத்தெரிவு எளிது. ஆளிக்கு வருவதும் ஆளியினின்று செல்வதும் கபிலமாகலாம். இரண்டாவதன் நுனிகளில் ஓர் எண்ணையோ எழுத்தையோ ஒட்டிவைத்தால் மயக்கம் நீங்கும். கபிலமும் நீலமும் ஓருறையில் அடங்கிய வடத்தை ஆளிக்கு இறக்கினால், அங்கே நீலக் கம்பியும் உயிர்க்கம்பியாகின்றது. அப்போது அதன் இரு நுனிகளிலும் கபில நிற உறையைச் செருகுதல் வேண்டும். இதற்குச் செல்லும் பொழுது ஓரிரு நிமிடமே. இதனைச் செய்யாது விட்டால், பின்னொருநாள் பெட்டியைத் திறப்பவர் அந்நீலத்தை நொதுமலென நம்புவார்.

மாடிப்படியின் கீழும் மேலும் நின்று ஒரே விளக்கை இயக்க உதவும் இருவழி ஆளிகளில் இம்மயக்கம் இன்னும் பெரிது. முதலாவது ஆளியின் பொதுமுனைக்கு உயிர்க்கம்பி வருகின்றது. இரண்டாவதன் பொதுமுனையினின்று விளக்குக்குக் கம்பி செல்கின்றது. இவற்றினிடையே இரு இணைகம்பிகள் ஓடுகின்றன. விளக்கு எரியினும் அணையினும் இவ்விரண்டனுள் ஒன்று எந்நேரமும் உயிருடையதாகவே இருக்கும். பழைய மூவிழை வடத்தில் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். புதியதிற் கபிலம், கறுப்பு, சாம்பல். பழையதில் உயிர்க்கம்பியாய் நிற்கும் நீலம் புதிய முறையில் நொதுமலைக் குறிக்கும். பழைய முறையில் நொதுமலைக் குறித்த கறுப்பு புதியதில் உயிர்க்கம்பியாய் நிற்கும். பழைய வீட்டுக்குப் புதிய அறையொன்று சேர்க்கப்படுமிடத்தில் இரு மொழிகளும் ஒரே பெட்டியினுட் சந்திக்கின்றன. ஆதலாற்றான், இரு முறைகளும் கலந்துள்ள வீட்டின் பரம்பற் பெட்டியில் அதனை அறிவிக்கும் எச்சரிக்கை ஒட்டப்படல் வேண்டும் எனப் பிரித்தானிய விதி முன்னர்க் கூறிற்று.

எல்லாவற்றினும் கொடிய தவறு, கபிலக் கம்பி தீர்ந்துபோக, எஞ்சிக் கிடந்த பச்சை அல்லது பச்சை மஞ்சட் கம்பியை ஆளிக்கு இழுத்தலாகும். வருடங்கள் சென்றபின் உலோக விளக்கொன்றைத் தூக்க வருபவர், அக்கம்பியைப் புவியெனக் கருதி விளக்கின் உடலோடு பிணைப்பார். ஆளி மூடப்பட்டதும் அவ்வுடல் முழுவதும் உயிர்பெறும். காக்க வந்த நிறமே கொல்லும் நிறமாகும். பச்சை மஞ்சள் வரியைப் புவிக்கன்றி வேறெதற்கும், எந்த உறையைச் செருகியும், பயன்படுத்தலாகாது என்பது இதனாலேயே.

முப்பது மில்லியம்பியர் கசிவிற்கே மின்னைத் துண்டிக்கும் சுற்றுடைப்பான் இருக்க இத்துணை அச்சம் எதற்கு என ஒருவர் வினவலாம். அக்கருவி போற்றத்தக்கதே. ஆயின் அது மின் உடல்வழி புவிக்குச் செல்லும்போது மாத்திரமே காக்கும். ஒரு கையில் உயிர்க்கம்பியும் மறு கையில் நொதுமலும் அகப்பட்டவனை அது விளக்கென்றே கருதும்.

இத்துணையுங் கூறியபின், நிறத்தை முற்றாக நம்பலாமோ எனின், அதுவும் ஆகாது. நிறம் ஒருவர் கூறிச்சென்ற சொல். அச்சொல் மெய்யோ பொய்யோ என்பதைக் கருவியே காட்டும். ஆகையால் வீடு கட்டுவோர் ஒரே முறையைத் தெரிந்து வீடெங்கும் அதனையே கைக்கொள்க. போதிய அளவு கம்பியை நிறவாரியாக முன்னரே வாங்குக. வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே ஒப்புவித்து, சுவர் பூசுமுன் ஒவ்வொரு பெட்டியையும் நேரிற் பார்க்க. பெட்டியைத் திறக்கும் எவரும் பிரதான ஆளியை அணைத்து, சோதிகருவியால் ஐயந் தீர்ந்த பின்னரே கைவைக்க.

கம்பியை இழுப்பவரும் பல்லாண்டுகளின் பின் அதனைத் திறப்பவரும் ஒருவரையொருவர் கண்டறியார். அவரிடையே உள்ள பேச்சு நிறம் ஒன்றே. அப்பேச்சைப் பிழையின்றி எழுதிவைத்தல், முகமறியா ஒருவரின் உயிருக்கு நாம் அளிக்கும் பிணையாகும்.