நம் சீமைக்கும் ஒரு தக்ஷிணசித்ரா வேண்டும்

நாட்றம்பள்ளி வட்டாரம் அன்றும் இன்றும் எல்லைச் சீமை. வடக்கே கொஞ்சம் போனால் ஆந்திரம். சந்தையில் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்தே ஒலிக்கும். 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் போரில் வீழ்ந்தது பக்கத்து ஆம்பூரில்தான். திருப்பத்தூரையும் உள்ளடக்கிய பாராமகால், 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஆனால், அந்தக் காலத்து ஜனங்கள் எப்படி உண்டு, உழைத்து, வாழ்ந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பது?

அப்படிக் காட்ட முடியும் என்பதற்குச் சாட்சி, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம். 1984இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. சுமார் 10 ஏக்கர். வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் உத்தரமும் கதவுமாகப் பிரித்துக் கொண்டுவந்து, மரபுத் தச்சர்களைக் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, காஞ்சி நெசவாளர் வீடு, கேரளத்துக் கிறிஸ்தவர் வீடு என்று தென்னாடே வரிசை கட்டி நிற்கிறது.

ஆந்திரக் கடலோர வட்ட வீட்டின் முன் கொஞ்சம் நில்லுங்கள். மண்சுவர் வட்டமாக ஓடுகிறது. ஓலைக்கூரை தரையைத் தொடுகிறாற்போல் இறங்குகிறது. புயல் காற்றுக்கு முட்டி மோத ஒரு மூலைகூடக் கிடையாது. குயவர் வீட்டிலோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது; குழந்தைகளும் களிமண்ணில் கைவைக்கலாம். ஆள் புழங்கி, தொழில் நடப்பதால்தான் அங்கே வீடு வீடாக இருக்கிறது. இல்லையென்றால் அது வெறும் கட்டடம்.

நம்மிடம் காட்டச் சரக்கு இல்லையா? திருப்பத்தூர், செங்கம் பக்கமெல்லாம் ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்களின் நடுகற்கள் நிற்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழில் இருக்கிறது. உப்பிட்ட தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, கடுக்காய் ஏற்றிய அந்தப் பழைய முறையை, செய்தவர்கள் இருக்கும்போதே செய்துகாட்ட வேண்டும். பின்னாளில் ஆலைக்கழிவு பாலாற்றைப் பாழாக்கியதையும், 1996இல் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் அதே கூரையின் கீழ் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் சொன்னால் அது சரித்திரம் ஆகாது.

திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமும் தோல் தொழில் அதிபர்களும் கைகோத்தால் இது நடக்கும். அதுவரை, உங்கள் ஊரில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், முதலில் அதைப் படம் எடுத்து, அளந்து, அங்கே வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.