கருவிலேயே பதியும் புகையின் தடம்: குரங்குக் குட்டிகள் உணர்த்தும் உண்மை

காற்று மாசு என்றதும் இருமல், மூச்சுத்திணறல், ஆஸ்துமா ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வாழ்வின் தொடக்கக் கட்டத்தில் நேரும் புகைப் பாதிப்பு நினைவாற்றலையும் நடத்தையையும் மாற்றக்கூடும் என்பதை விலங்குகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன.

காட்டுத்தீ ஏற்படுத்திய வாய்ப்பு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் 2018 நவம்பர் 8-ஆம் தேதி மூண்ட ‘கேம்ப் ஃபயர்’ காட்டுத்தீயில் 85 பேர் உயிரிழந்தனர். பாரடைஸ் நகரம் பெருமளவு அழிந்தது. அதன் புகை, 100 கி.மீ.-க்கும் அப்பால் டேவிஸ் நகரில் உள்ள தேசிய விலங்கின ஆய்வு மையத்தையும் சூழ்ந்தது. அங்கு திறந்தவெளி அடைப்புகளில் வாழும் ரீசஸ் குரங்குகளுக்கு அது இனப்பெருக்கக் காலம்.

அந்தப் பருவத்தில் கருவுற்ற தாய்களுக்குப் பிறந்த 89 குட்டிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். அவற்றில் 52 குட்டிகள் கருவின் தொடக்க நாள்களில் புகைக்கு உள்ளானவை. எஞ்சியவை, புகை விலகிய பின்னர் கருவானவை. வாழிடம், உணவு, பராமரிப்பு ஆகியவை இரு பிரிவுக்கும் ஒன்றே என்பதால், வேறுபாட்டுக்குப் புகையைக் காரணமாகக் கருத இடம் கிடைத்தது.

குட்டிகள் மூன்று, நான்கு மாத வயதை எட்டியபோது, தாயிடமிருந்து சிறிது நேரம் பிரிக்கப்பட்டு பரிசோதிக்கப்பட்டன. புகைக்கு உள்ளானவற்றின் உடலில் அழற்சிக்கான அறிகுறி கூடுதலாக இருந்தது. நெருக்கடியின்போது உயர வேண்டிய கார்டிசோல் ஹார்மோன் போதிய அளவு உயரவில்லை. நினைவாற்றல் குறைந்திருந்ததுடன், சூழலுக்கு எதிர்வினை காட்டாத மந்தப் போக்கும் காணப்பட்டது. இம்முடிவுகள் 2022-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியாகின.

ஆய்வகத்தில் கண்டது

வாகனப் புகையில் மிகுந்திருக்கும் அதிநுண் துகள்களைக் கொண்டு, நியூயார்க் மாகாணத்தின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் சுண்டெலிகளிடம் ஆய்வு நடத்தினர். பிறந்த முதல் இரு வாரங்களில், மொத்தம் 8 நாள்கள், நாளொன்றுக்கு 4 மணி நேரம் மட்டுமே குட்டிகள் அக்காற்றைச் சுவாசித்தன. ஆயினும், மூளையின் உட்குழிகள் விரிவடைந்தன. குறிப்பாக, ஆண் குட்டிகளிடம் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. கற்றல் திறனும் பொறுமையும் குறைந்ததற்கான சான்றுகளும் கிடைத்தன.

நுண்துகள்கள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து அழற்சியைத் தூண்டுகின்றன. மூளை செல்கள் பெருகி, ஒன்றோடொன்று இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் நேரத்தில் அழற்சி ஏற்பட்டால், அந்த வளர்ச்சி தடம் மாறலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்தியாவுக்கு என்ன பாடம்?

விலங்குகளிடம் கண்ட முடிவுகளை மனிதர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும், மனிதர்களிடையே வருமானம், உணவு, புகைப்பழக்கம் ஆகியவற்றின் தாக்கத்தைப் பிரித்தறிவது கடினம் என்பதால், இத்தகைய ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

பிஎம் 2.5 நுண்துகளுக்கான இந்தியாவின் ஆண்டு சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையோ 5 மைக்ரோகிராம். ஆண்டு சராசரி என்ற அளவுகோல், குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களைச் சூழும் சில வாரப் புகைமூட்டத்தின் கடுமையை மறைத்துவிடுகிறது. கருவில் வளரும் உயிருக்கோ, அந்தச் சில வாரங்களே முக்கியமானவை. எனவே, மாசு மிகும் நாள்களில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வெளிப்புறக் காற்றிலிருந்து இயன்றவரை காப்பது அவசியமாகிறது.