தேன் மீது தண்டவரி: யாருக்குக் காவல், யாருக்குச் சுமை?

ஆர்ஜெண்டினா, பிரேசில், இந்தியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் பதப்படுத்தப்படாத தேன் மீது ஐக்கிய அமெரிக்கா 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொருள் குவிப்புத் தடுப்பு வரியை விதித்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 2001 டிசம்பரில், சீனத் தேன் மீதும் ஆர்ஜெண்டினத் தேன் மீதும் இதே வகையான வரி விதிக்கப்பட்டிருந்தது. இரண்டு முறையும் முறையிட்டவர்கள் ஒருவரே: அமெரிக்கத் தேன் உற்பத்தியாளர் சங்கமும், சூ தேன் கூட்டுறவுச் சங்கமும்.

இறக்குமதித் தேன் மிகக் குறைந்த விலைக்கு வந்து குவிவதால் தமது தொழில் நசிகிறது என்பதே இரு முறையும் அவர்கள் கூறிய குறை. இடையில் இருபது ஆண்டுகள் வரி நடைமுறையில் இருந்தும் அதே குறை மீண்டும் எழுந்தது ஏன்? இக்கேள்விக்கான விடை, இத்தகைய வரிகளின் வலிமையையும் அவற்றின் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது.

பொருள் குவிப்பு என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தனது நாட்டில் விற்கும் விலையைவிட, அல்லது உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலைக்கு அயல்நாட்டில் பொருளை விற்பதே பொருள் குவிப்பு எனப்படுகிறது. உலக வர்த்தக அமைப்பின் விதிகள் இதை நேரடியாகத் தடை செய்யவில்லை. ஆனால் அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு நேர்ந்ததாக நிறுவப்பட்டால், விலை வேறுபாட்டை ஈடுகட்டும் அளவுக்கு வரி விதிக்க அவை அனுமதிக்கின்றன.

உதாரணமாக, உள்நாட்டில் கிலோ 100 ரூபாய்க்கு விற்கப்படும் தேன் 75 ரூபாய்க்கு ஏற்றுமதியானால் வேறுபாடு 25 ரூபாய். ஏற்றுமதி விலையில் அது 33 சதவீதம். அதுவே வரி விகிதமாகிறது.

அமெரிக்காவில் இவ்விசாரணையை இரு அமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. விலை வேறுபாட்டை வர்த்தகத் துறை கணக்கிடுகிறது. உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு நேர்ந்ததா என்பதைச் சர்வதேச வர்த்தக ஆணைக்குழு தீர்மானிக்கிறது. இரண்டின் முடிவும் முறையிட்டவர்களுக்குச் சாதகமாக அமைந்தால் மட்டுமே வரி நடைமுறைக்கு வரும்.

இந்திய விலையில் அளக்கப்பட்ட சீனத் தேன்

சீனாவைச் சந்தைப் பொருளாதார நாடாக அமெரிக்கா ஏற்பதில்லை. எனவே சீனாவின் உள்நாட்டு விலை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதற்குப் பதிலாக, ஒப்பிடத்தக்க பொருளாதார நிலையிலுள்ள மற்றொரு நாட்டின் விலைகளைக் கொண்டு சீன உற்பத்திச் செலவு மதிப்பிடப்பட்டது. தேன் விடயத்தில் அவ்வாறு தெரிவு செய்யப்பட்ட நாடு இந்தியா.

சீன ஏற்றுமதியாளர்கள் செலுத்த வேண்டிய வரி, இந்தியாவில் தேன் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பொறுத்து அமைந்தது. விசாரணையில் ஒத்துழைத்த நிறுவனங்களுக்குக் குறைந்த விகிதங்கள் கிடைத்தன. ஏனைய அனைவருக்கும் ஏறத்தாழ 184 சதவீதம் விதிக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் மறுஆய்வுகளில் சீனத் தேன் மீதான வரி நீட்டிக்கப்பட்டு வந்தது. ஆர்ஜெண்டினா மீதான முதல் வரி 2012இல் நீக்கப்பட்டது.

வரி உண்டு, வசூல் இல்லை

அமெரிக்க முறையில், பொருள் துறைமுகத்தை அடையும்போது செலுத்தப்படுவது முன்பணம் மட்டுமே. இறுதி வரி எவ்வளவு என்பது பின்னர் நடைபெறும் ஆய்வில்தான் முடிவாகிறது. முதன்முறையாக ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கு மற்றொரு சலுகையும் இருந்தது. அவர்களிடமிருந்து வாங்கும் இறக்குமதியாளர்கள் ரொக்கத்துக்குப் பதிலாகப் பிணைப் பத்திரம் கொடுத்தால் போதும்.

இச்சலுகையைப் பயன்படுத்திப் புதிய நிறுவனங்கள் முளைத்தன. பொருளை விற்று முடித்ததும் அவை காணாமற்போயின. வரிக்கான கேட்பறிக்கை போய்ச் சேரும்போது அந்த முகவரியில் எவரும் இருக்கவில்லை. 2006இல் இச்சலுகை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2016இல் கையெழுத்தான சட்டம் அதை முற்றாக அகற்றியது. 2001 முதல் 2014 வரையிலான நிதியாண்டுகளில் விதிக்கப்பட்டு வசூலாகாத இவ்வகை வரிகள் ஏறத்தாழ 230 கோடி டாலர் என அமெரிக்க அரசின் கணக்குப் பொறுப்பு அலுவலகம் 2016இல் தெரிவித்தது. அந்நிலுவையில் பெரும்பங்கு வகித்த சில சீனப் பொருட்களில், வெள்ளைப்பூண்டு, காளான் ஆகியவற்றுடன் தேனும் ஒன்று.

பெயர் மாறிப் பயணம் செய்த தேன்

பிணைப் பத்திரத்தின் வழி அடைபட்டபோது வேறொரு வழி திறந்தது. சீனத் தேன் மூன்றாவது நாடொன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஆவணமும் பீப்பாயின் முத்திரையும் மாற்றப்பட்டு, அந்நாட்டுத் தேனாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. சில வேளைகளில் அது தேன் என்று கூறப்படாமல், அரிசிப் பாகு போன்ற வேறு பெயரிலும் வந்தது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் எல். வோல்ஃப் குழுமத்தின் நிறுவனங்கள் மீதும், அவற்றின் நிர்வாகிகள் மற்றும் சீன வர்த்தகர்கள் மீதும் சிகாகோ நீதிமன்றத்தில் 2010இல் குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஏறத்தாழ 8 கோடி டாலர் வரி ஏய்க்கப்பட்டதாக அரசுத் தரப்பு கூறியது. தேன் கடந்து வந்ததாகக் குறிப்பிடப்பட்ட நாடுகளில் இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, தென்கொரியா, ரஷ்யா ஆகியவை அடங்கும். 2013இல் அமெரிக்காவின் குரோப் ஃபார்ம்ஸ், ஹனி ஹோல்டிங் ஆகிய இரு நிறுவனங்களும் அரசுத் தரப்புடன் உடன்பாடு செய்துகொண்டு, முறையே 20 லட்சம் டாலரும் 10 லட்சம் டாலரும் செலுத்த இணங்கின.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்பது பழமொழி. இங்கோ புறங்கையை நக்கியவர்கள் தேன் எடுத்தவர்கள் அல்லர், இடையில் நின்றவர்கள். சீனத்துத் தேனீ வளர்ப்பாளருக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளருக்குச் சட்டம் உறுதியளித்த பாதுகாப்பும் கிட்டவில்லை.

இந்தியாவுக்கு நேர்ந்தது

தேனின் பிறப்பிடம் குறித்த ஐயம், நேர்மையான உற்பத்தியாளரையும் தாக்குகிறது. எச்சப் பொருட்கள் காணப்பட்டதையும், தேன் எங்கிருந்து வந்தது என்பதைத் தடம் காண இயலாமையையும் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டுதான் தடை விலகியது. அதன் பின்னரும் இந்தியத் தேன் ஏற்றுமதியின் பெரும்பகுதி அமெரிக்கச் சந்தையையே நம்பியிருந்தது.

2022இன் முடிவில் இந்தியா பெருமளவு தப்பியது எனலாம். அதற்கு விதிக்கப்பட்ட விகிதம் ஏறத்தாழ 6 சதவீதம். ஆர்ஜெண்டினா, பிரேசில் நாடுகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விகிதம் வேறுபட்டது. பிரேசிலில் அது அதிகபட்சமாக 83 சதவீதத்தைத் தாண்டியது. வியட்நாமுக்கு 2021 நவம்பரில் வெளியான முதற்கட்டக் கணிப்பு 410 சதவீதத்துக்கும் மேல். இறுதி முடிவில் அது ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறைந்தது. வியட்நாமும் சந்தைப் பொருளாதார நாடாக ஏற்கப்படாததால், அதன் தேனும் வேற்று நாட்டு விலைகளைக் கொண்டே அளக்கப்பட்டது. எந்த விலையைத் தெரிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்து வரி எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு இந்த இரு எண்களே சான்று.

இங்கு உழைப்பாளியின் நிலையையும் கருத வேண்டும். பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் கடுகுப் பூக்களை நாடிப் பெட்டிகளுடன் இடம்பெயரும் சிறு தேனீ வளர்ப்பாளர், தமது தேனைத் தாமே ஏற்றுமதி செய்வதில்லை. வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் நிறுவனங்கள் வேறு. வரிச்சுமையின் ஒரு பகுதி கொள்முதல் விலைக் குறைப்பாக அவர் தலையில் இறங்கக்கூடும். ஆனால் விசாரணை மண்டபத்தில் அவருக்கு இருக்கை இல்லை. மலிவு விலை ஏற்றுமதியைத் தடுக்கவென இந்திய அரசே 2024இல் டன்னுக்கு 2,000 டாலர் எனக் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையை நிர்ணயித்தது.

தேனின் பிறப்பிடத்தை அறிய முடியுமா?

தேனில் கலந்துள்ள மகரந்தத்தை ஆராய்ந்தால் அது எந்த நிலப்பகுதியின் பூக்களிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் கூறிவிடலாம். ஆனால் மிக நுண்ணிய வடிகட்டிகள் மகரந்தத்தை முற்றாக அகற்றிவிடும். சர்க்கரைப் பாகுக் கலப்பைக் கண்டறிய அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை உதவுகிறது. அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் தேனுக்கு 2020 ஆகஸ்ட் முதல் இந்தியா இதைக் கட்டாயமாக்கியது.

அதே ஆண்டு டிசம்பரில், புதுடெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், உள்நாட்டுச் சந்தையில் வாங்கிய 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறியதாக அறிவித்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. ஏற்றுமதிக்கு ஓர் அளவுகோல், உள்நாட்டு நுகர்வோருக்கு வேறோர் அளவுகோலா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

எஞ்சும் கேள்வி

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 கோடி கிலோவாக இருந்த தேன் உற்பத்தி, 2021இல் ஏறத்தாழ 5.7 கோடி கிலோவாகச் சுருங்கியது. நோய்களும் வறட்சியும் இதற்குக் காரணங்களே. எனினும் விலை வீழ்ச்சியின் பங்கைப் புறக்கணிக்க இயலாது. கலிஃபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு விடுவதே அங்குப் பல தேனீ வளர்ப்பாளர்களைத் தாங்கி நிற்கிறது. தேனீ வளர்ப்பு கைவிடப்பட்டால் இழப்பு தேனோடு நின்றுவிடாது, பழத்தோட்டங்களையும் எட்டும்.

எனவே பாதுகாப்புக் கோருவது நியாயமற்றது என்று கூற முடியாது. ஆனால் வரி என்பது ஒரு நாட்டின் பெயர் மீது விதிக்கப்படுவது. பீப்பாய்க்குள் இருக்கும் தேனுக்குப் பெயர் இல்லை. ஒரு நாட்டுப் பொருள் மீது வரி உயர உயர, அதன் பெயரை மாற்றுவதால் கிடைக்கும் ஆதாயமும் உயர்கிறது. தேன் எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தொடக்கம் முதல் இறுதி வரை தடம் காணும் ஏற்பாடு இல்லாதவரை, வரி நேர்மையாளரிடம் மட்டுமே வசூலாகும். 2001க்கும் 2022க்கும் இடைப்பட்ட அனுபவம் உணர்த்துவது இதையே.