வீட்டுக்குள்ளே குளுகுளு... வெளியே அனல்!

ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிறதே, கவனித்தீர்களா? 'எங்க காலத்துல இப்படி இல்லைடி' என்று பாட்டி அலுத்துக்கொள்வது சும்மா அல்ல. 2024-ல் உலகின் சராசரி வெப்பம், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பு இருந்ததைவிட சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடிவிட்டது.

'ஒன்றரைதானே?' என்கிறீர்களா? நம் உடம்பில் அவ்வளவு ஏறினால் தெர்மாமீட்டர் 101-ஐத் தாண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட மாட்டோமா?

ஏன் இந்தக் காய்ச்சல்?

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரியும்போது கிளம்பும் கார்பன்-டை-ஆக்ஸைடு, பூமிக்குக் கம்பளி போர்த்தினாற்போல வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

இதில் நம் வீட்டு ஏ.சி.க்கும் பங்கு உண்டு. ஒன்று, அது குடிக்கும் கரண்ட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருவது. இரண்டாவது, அதற்குள் இருக்கும் கேஸ். பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 ஒரு கிலோ கசிந்தால், சுமார் 1,800 கிலோ கார்பன்-டை-ஆக்ஸைடை காற்றில் விட்டதற்குச் சமம்! இந்த வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் உலக நாடுகள் 1987-ல் மான்ட்ரியலிலும், 2016-ல் கிகாலியிலும் ஒப்பந்தம் போட்டன.

அதற்காக ஏ.சி.யை அணைத்துவிட்டு வயதானவர்களைப் புழுங்க விடாதீர்கள். பகல் சூட்டிலிருந்து உடம்பு தேறுவதே ராத்திரியில்தான். முதியோர், கைக்குழந்தைகள், இதய நோயாளிகளுக்குக் குளிர்ச்சி அவசியம்.

நீங்கள் செய்யக்கூடியவை

* ஏ.சி.யை 24-லிருந்து 26 டிகிரிக்குள் வைத்து, கூடவே ஃபேனையும் ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகிதம் கரண்ட் மிச்சம்.

* மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். சூடு இறங்குவது குறையும்.

* புது ஏ.சி. வாங்கினால் ஸ்டாரோடு கேஸின் பெயரையும் பாருங்கள். ஆர்-410ஏ-யைவிட ஆர்-32 தேவலை. ஆர்-290 இன்னும் நல்லது.

* பழைய ஏ.சி.யைக் காயலான் கடைக்குப் போடுமுன், கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். 'கேஸ் அடிச்சிடலாம் மேடம்' என்று மெக்கானிக் சொன்னால், 'முதல்ல ஓட்டையை அடைங்க, அப்புறம் அடிக்கலாம்' என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் பர்ஸுக்கும் நல்லது, பேரப் பிள்ளைகளுக்கும் நல்லது!