இறங்கும் வண்டியும் வலியறிதலும்

மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் எச்சரித்தார். அது அரசனுக்குச் சொன்ன உவமை. மலையகத்தில் மோட்டார் வண்டியில் செல்லும் நாமோ அதனை நேர்ப்பொருளாகவே கொள்ளலாம். பழுதுற்ற காரை ஓட்டிச் செல்வதா, மற்றொரு வண்டியின் உதவியால் கொண்டு செல்வதா என்ற ஐயம் எழும்போது, “ஓடுமா?” என்றே பலரும் கேட்கின்றனர். மலைநாட்டில் முதலில் கேட்க வேண்டியது, “நிற்குமா?” என்பதாகும்.

நுவரெலியா கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் உள்ளது. லபுக்கலை, ரம்பொடை, புசல்லாவை வழியே கம்பளைக்கு வருவோர் 4,000 அடிக்கும் மேலாக இறங்குகின்றனர். 1,000 கிலோ எடையுள்ள கார் 4,000 அடி இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முப்பது லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் தாங்கும். இல்லையேல் பெரும்பகுதியும் பிரேக்கையே சுடும். பிரேக் ஒயிலோ நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை தாழும். சூட்டில் ஆவிக்குமிழ் தோன்றும். பின்னர் பெடலை அழுத்தினால் குமிழ்தான் சுருங்குமேயன்றிச் சக்கரம் நில்லாது.

பழுதுகள் இரு வகையின. பொருளை அழிப்பன சில. உயிரை அழிப்பன சில. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் கார் கொதித்தால் ஓரமாக நிறுத்துக. சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறவற்க. ஊற்றிய நீர் மீண்டும் குறையுமாயின் அதற்குமேல் ஓட்டுதல் எஞ்சினைக் கொல்வதாகும். ஒயில் விளக்குச் சிவந்து எரிந்தாலும் அவ்வாறே. பற்றரி விளக்கு எரிவதை அற்பமென்று எண்ணுவோர் உண்டு. ஆனால், மின்சாரம் ஆக்கும் பெல்ட்டே பல எஞ்சின்களில் நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் இரண்டும் நிற்கும். இவையெல்லாம் பொருள் நட்டம். பெடல் பஞ்சுபோல் அமிழ்வது, சக்கரத்தருகே எரிந்த வாடை வீசுவது, ஸ்டியரிங் தளர்ந்து ஆடுவது, மூடுபனியில் முகப்பு விளக்கு அணைவது ஆகியவை உயிர்ப் பழுதுகள். இவற்றுள் ஒன்று தோன்றினும், அடுத்த ஊர் இரண்டே மைல் என்று கணக்கிடலாகாது. அந்த இரண்டு மைலில் எத்தனை வளைவு என்பதே கணக்கு.

“கயிறு கட்டி இழுத்துவிடலாமே!” என்பார் சிலர். சமதரையில் அது இயலும். இறக்கத்திலோ கயிறு இழுக்குமேயன்றித் தடுக்காது. பிரேக் அற்ற கார் முன்னே செல்லும் லொறியின் மீதே போய் மோதும். எஞ்சின் ஓடாத காரில், பிரேக்குக்குத் துணைசெய்யும் விசை சில அழுத்தங்களோடு தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். தானியங்கிக் கியர் உள்ள காரை அதனை உந்தும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்ப்பெட்டியே கெடும். ஆகவே, மலையில் தகுந்த வழி காரை முழுவதுமாக லொறித் தட்டில் ஏற்றிக் கொண்டுபோவதே.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா அருகே ரதல்ல குறுக்கு வீதியில், மாணவர்கள் சென்ற பஸ் ஒன்று எதிரே வந்த வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியது. எழுவர் மாண்டனர். மாண்டவர்கள் பஸ்ஸில் இருந்தவர்கள் அல்லர்; வானிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. குறுகிய மலைப்பாதையில் ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழந்தால், அதற்கு விலை கொடுப்பவர் எதிரே வருபவராகவும் இருக்கலாம் என்பதே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

மாட்டு வண்டிக்கு ஒரு காவல் இருந்தது. மாடு இயலாதபோது படுத்துவிடும்; அடித்தாலும் எழாது. இயந்திரத்துக்கு அந்த மறுப்பு இல்லை. ஆதலால் மறுக்கும் கடமை மனிதனைச் சேர்ந்தது. அது எளிதன்று. தோட்டத்துப் பாதையில் வாடகைக்கு வான் ஓட்டும் இளைஞனுக்கு ஒருநாள் வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். ஏற்றிச் செல்லும் கூலி அதற்கும் மேல். ஏறியிருப்பவர்களோ கல்யாணத்துக்கோ பரீட்சைக்கோ விரைபவர்கள். “மெதுவாகப் போய்விடலாம், தம்பி” என்று தூண்டுவது பெரும்பாலும் பயணிகளான நாமே. சாரதி ஐயுற்று நிறுத்தும்போது முணுமுணுக்காமல் இறங்குவதும், கூலியில் நம் பங்கைக் கொடுப்பதும், அவன் நிறுத்தத் தயங்கினால் நாமே நிறுத்தச் சொல்வதும் நம் கடமையாகும்.

தன் வலியும் மாற்றான் வலியும் அறிந்து செயற்படுக என்பது அவ்வதிகாரத்தின் அறிவுரை. மலைப்பாதையில் நம் வண்டியின் வலியை நாம் அறிந்து நின்றால், எதிரே ஏறிவரும் முகமறியா மனிதனும் வீடு சேர்வான்.